அம்சவேணியும் இரண்டு குழாய்களும்

டில்லிக்குக் குடிவந்த நம்மூர்ப் பெண்கள் முதலில் கற்றுக்கொள்ளும் இந்தி வார்த்தை 'கித்னா'. காய்கறிக்காரனிடம் விலை கேட்காமல் காலம் தள்ள முடியாதே. அம்சவேணிக்கு முதலில் நாக்கில் படிந்தது 'தஸ்த்'. தஸ்த் என்றால் பேதி. மருந்துக்கடைக்காரனிடம் அதைச் சொன்னாள். டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் சொன்னாள். பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்த சர்தாரிணியிடமும் சொன்னாள். "பச்சி கோ தஸ்த்." குழந்தைக்குப் பேதி. அவள் வாழ்நாளில் பேசிய இந்தியில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

அவள் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டவன் ஜோதிலிங்கம், லோதி ரோட்டில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் எல்.டி.சி. குமாஸ்தா. டில்லி மாப்பிள்ளை என்று ஊரே வாயைப் பிளந்தது. மாப்பிள்ளைக்கு டில்லியில் வீடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் சீனியாரிட்டிக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை, குவார்ட்டர்ஸ் கிடைத்த ஒரு புண்ணியவானின் வீட்டில் ஒரு அறையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் புண்ணியவான் ராஜாராமன். கும்பகோணத்து ஐயர். ஆர்.கே.புரத்தில் தரைத்தளத்தில் அவருக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, பின்னால் சிமெண்டு போட்ட முற்றம். பின் அறையை ஜோதிலிங்கத்துக்கு விட்டார். உள்வாடகை சட்டப்படி குற்றம், பிடிபட்டால் குவார்ட்டர்ஸே பறிபோகும். ஆகவே செக்கிங் வந்தால் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும். கும்பகோணத்து ஐயருக்கும் திருப்பத்தூர் முதலியாருக்கும் என்ன சொந்தம் என்று நமக்குத் தோன்றும், செக்கிங் வருகிறவனுக்குத் தோன்றாது. அவனுக்கு எல்லா மதராஸியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ராஜாராமன் போட்ட ஒரே கண்டிஷன், வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது.

ராஜாராமனின் மனைவி ருக்மிணி கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை. தன்னைவிடச் சுத்தமான மனுஷி இந்த ஊரில் கிடையாது என்று நம்புகிறவள். அப்படி நம்புகிறவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதைவிடக் கெட்டவர்களோடு நிம்மதியாக இருந்துவிடலாம்.

சமையலறை மடி. அம்சவேணி அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஸ்டவ்வைப் பின் வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குக் குளியலறைக் குழாய். அந்த வீட்டில் இருந்தவை இரண்டே குழாய்கள்தான். சமையலறைக் குழாயில் தெரு மெயினிலிருந்து நேரே தண்ணீர் வரும், காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். குளியலறைக் குழாய்க்கு மொட்டைமாடியில் ஒரு தகரத் தொட்டி. அதில் நாள் முழுக்கத் தண்ணீர்.

"நான்தான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஜலத்துக்குக் காவல் காக்கணும்" என்றாள் ருக்மிணி, அவர்கள் குடிவந்த அன்று. "நோக்கென்னடி, ராஜாத்தி! எப்பத் திறந்தாலும் கொட்டும்."

ஊரில் கிணற்றில் இறைத்துக் காய்ப்புக் காய்த்த கை அம்சவேணிக்கு. எப்போது திறந்தாலும் தண்ணீர் என்றால் அவளுக்கு அது சொர்க்கம். நல்ல மனுஷி, நமக்கு இவ்வளவு சௌகரியம் பண்ணிக் கொடுக்கிறாளே என்று நினைத்தாள். குளியலறைக் குழாயில் பிடித்து, பழைய வேஷ்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, எவர்சில்வர் தவலையில் ஊற்றி மூடி வைத்தாள். அவளும் சுத்தக்காரிதான். அது ருக்மிணிக்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவே.

வள்ளியம்மை இந்த ஊரில்தான் பிறந்தாள். மலை மந்திர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பெண், அதனால் அந்தப் பெயர். தாய்ப்பால் மட்டும் குடித்தவரை தொடையில் மூன்று மடிப்பு. போன வருஷக் கோடையில் கஞ்சியும் தண்ணீரும் கொடுக்கத் தொடங்கியதும் வயிறு போகத் தொடங்கியது. பல் முளைக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பல் முளைத்தது. ஒவ்வொன்றாக எல்லாம் முளைத்துவிட்டன. வயிறு நிற்கவில்லை.

குழந்தைக்குப் பேதி என்று சொல்லிவிட்டு ஜனங்கள் போய்விடுகிறார்கள், ஏதோ ஜலதோஷம் மாதிரி. அது ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்தவுடன் அம்சவேணி கடவுளை நினைக்கமாட்டாள், துணியைப் பிரித்துப் பார்ப்பாள். என்ன நிறம், எவ்வளவு தண்ணி, சளி இருக்கிறதா. அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதை அது சொல்லிவிடும். அப்புறம் துவைப்பாள். கொடியில் துணி காய்வதற்குள் அடுத்தது நனைந்திருக்கும். அவள் புடவை ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றிலும் கறை. கல்யாணப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சோற்றில் கை வைக்கும்போது பிள்ளை முனகும், கையை உதறிவிட்டு ஓடுவாள், திரும்பி வந்தால் பசி போயிருக்கும். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயின.

ஜோதிலிங்கத்தின் லீவெல்லாம் வள்ளியின் வயிற்றோடு போனது. கேஷுவல் லீவ் தீர்ந்தது, மற்ற லீவும் தீர்ந்தது. அடுத்த படியான யு.டி.சி. ஆவதற்கான இலாகாப் பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்திருந்தான். பரீட்சையன்று காலையில் பிள்ளைக்குக் கண் சொருகியது. ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த ஒரு பிகாரிப் பையன் இப்போது அவனுக்கு மேல் நாற்காலி. அவன் லீவ் கேட்டுப் போய் நின்றாலே செக்ஷன் ஆபீசர் நிமிர்ந்து பார்க்காமல், "க்யா ஜோதி, ஃபிர் தஸ்த்?" என்பார், மறுபடியும் பேதியா என்று. செக்ஷனே சிரிக்கும். அவனும் கூடச் சிரித்துவிட்டு வருவான். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று அம்சவேணிக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

ஒரு தடவை தமிழ்ச் சங்கத்தில் நாடகம் என்று போனார்கள். முதல் காட்சி முடிவதற்குள் வள்ளிக்கு மடியிலேயே வயிறு போய்விட்டது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து போனாள், அப்புறம் அதற்கடுத்தவள். வரிசையே காலியானபோது மேடையில் ஏதோ ஹாஸ்யம், மற்றவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கல்யாணம், கார்த்தி எதற்கும் போவதில்லை. அழைப்பதும் நின்றுபோனது.

இத்தனைக்கும் நடுவில் ருக்மிணியின் வாய்.

ருக்மிணிக்கு ஒரே பையன், பட்டாபி. வள்ளியைவிட ஒரு வயது பெரியவன், கொழுக்கட்டை மாதிரி இருப்பான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின் வராந்தாவுக்கு வந்து நிற்பாள்.

"எங்க பட்டாபிக்கு ஒரு நாள் வயித்தாலே போனதுண்டா, சொல்லு பாப்போம்? நானும் இதே ஆத்துலதான் இருக்கேன், இதே ஜலத்தைத்தான் குடிக்கறேன். சுத்தம்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

இதே ஜலம். அம்சவேணியும் அதை அப்படியே நம்பினாள். இதே வீடு, இதே தண்ணீர், அவள் பிள்ளை கொழுக்கட்டை, தன் பிள்ளை கொத்தவரங்காய் வற்றல் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இன்னொரு நாள் ருக்மிணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "விலக்கு நாள்ல தனியா உட்காரறயோ? இல்ல குழந்தையைத் தூக்கிண்டு திரியறயோ? தோஷம் தட்டினா இப்படித்தான் போகும். நான் சொன்னா நோக்குக் கோவம் வரும்."

வந்தது. ஆனால் சத்தம் கூடாதே. அன்று சாயங்காலம் அம்சவேணி உப்பும் மிளகாயும் எடுத்து வள்ளியை மூன்று தடவை சுற்றி, தூபக்காலில் நெருப்பு மூட்டிக் கொண்டுபோய் ருக்மிணியின் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்து அதில் போட்டாள். பட்டது யாருடைய கண் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. முன் அறையில் ராஜாராமனும் பட்டாபியும் இருமு இருமு என்று இருமினார்கள். அது அம்சவேணியின் காதுக்குக் கச்சேரி கேட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்சம் அனுசரிச்சிப் போயேன்" என்றான் ஜோதிலிங்கம்.

"எதை அனுசரிக்கச் சொல்றீங்க? எம் புள்ள அழுக்குலயா பொறந்துச்சி?"

"இந்த ரூம விட்டா எங்க போவோம் அம்சா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் பிள்ளையின் வயிற்றைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போய் வெகு நாளாகியிருந்தது.

அடுத்த கோடை வந்தது. ஏஷியாடு விளையாட்டு வருகிறதென்று ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அனல் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டியது. வள்ளி காலையிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தாள். கூடவே வாந்தி. ஒன்றரை வயது தாண்டியும் இன்னும் நடக்காத பெண், கால்கள் விரல் தடிமன். மார்க்கெட் டாக்டர் ஒரு ஊசி போட்டுச் சிவப்பு மிக்ஸ்சர் கொடுத்தனுப்பினார். ருக்மிணி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"வயத்தைக் காயப்போடு. பால், ஜலம் ஒண்ணும் காட்டாதே. உள்ள போனாத்தானே வெளில வரும்? கும்மோணத்துல எல்லாரும் இப்படித்தான் நிறுத்துவா."

பயந்த நேரத்தில் பகையாளி சொன்னாலும் கேட்கத் தோன்றும். அவளுடைய அம்மாவும் ஊரில் அதையேதான் சொல்லுவாள். அம்சவேணி தவலையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். வள்ளி தவலை போன திசையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "பானி, பானி" என்றாள். அவளுக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் அது ஒன்று, முற்றத்துக் குழந்தைகளிடம் பொறுக்கியது. அம்சவேணி காதைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். உச்சிப்பொழுது தாண்டியதும் கேட்பது நின்றது. கண் உள்ளே போய்விட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைப் பிடித்தால் பிடித்தபடி நின்றது.

ஜோதிலிங்கத்துக்கு ஆள் அனுப்பக்கூட நேரமில்லை. பிள்ளையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, ஒரு ஆட்டோ ஸ்கூட்டர்க்காரனை மறித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த பஞ்சாபி டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்ததும் ஏறியது ஒரு பக்கம் டிரிப், இன்னொரு பக்கம் அவள் குரல்.

"பானி கிஸ்னே பந்த் கியா?" தண்ணியை நிறுத்தச் சொன்னது யார்?

டாக்டரம்மா பாதி இந்தியிலும் பாதிக் கையாலும் விளக்கினாள். குடத்தில் ஓட்டை விழுந்தால் ஊற்றுவதை நிறுத்துவாயா? ஓட்டை அடைபடுகிறவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். பேதியில் சாகிற பிள்ளைகள் வறண்டு சாகிறார்கள். கையில் பவுடர் பாக்கெட்டுகளைத் திணித்தாள். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு, வாந்தியெடுத்தாலும் கொடு, பாக்கெட் இல்லாவிட்டால் உப்பும் சர்க்கரையும் போதும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதே.

சாயங்காலம் வள்ளி கண்ணைத் திறந்து அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அம்சவேணி அந்த வார்டிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். பிள்ளை பிழைத்ததற்கு மட்டும் இல்லை. தண்ணீர் கேட்டு நீட்டின கையைப் பார்த்தும் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தோமே என்று அழுதாள். அப்புறம் அந்த அழுகையெல்லாம் ருக்மிணி மேல் திரும்பியது.

வீட்டுக்கு வந்தபின் டாக்டரம்மா சொன்னபடியே தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். பிள்ளை தேறியது. அதே வாரம் ஜோதிலிங்கம் மலை மந்திரிலிருந்து மந்திரித்த கயிறு ஒன்று வாங்கி வந்து வள்ளியின் இடுப்பில் கட்டியிருந்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், பெருமையெல்லாம் கயிற்றுக்குப் போயிற்று. அப்புறம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடையில் டின்களின் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. கிடைத்ததில் சோறு வடித்தால் பெரிசு, தண்ணீரைக் கொதிக்க வைக்க எங்கே போவது? கயிறுதான் இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீருக்குத் திரும்பினாள். அடுத்த வாரமே வள்ளியின் வயிறும் பழையபடி திரும்பியது.

"கயித்துக்குத் தீட்டுப் பட்டிருக்கும். வேற கட்டு" என்றாள் ருக்மிணி.

மறுநாள் காலை ருக்மிணி குளித்து மடி உடுத்திக்கொண்டு சமையலறைக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி குளியலறையில் பாக்கெட் கரைக்கத் தண்ணீர் பிடித்தாள். குழாய் இருமியது. கொஞ்ச நேரம் நூல் மாதிரி ஒழுகிவிட்டு, சட்டென்று ஒரு சாம்பல் நிற இறகைத் துப்பியது. இறகின் அடியில் சதை போல என்னவோ ஒட்டியிருந்தது. பாத்திரத்தை முகர்ந்து பார்த்தாள். இந்த நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. இத்தனை நாள் அது வள்ளியின் துணியிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாள்.

பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டுப் படியேறினாள். மொட்டைமாடிக்குக் கடைசியில் இரும்பு ஏணி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். எதிர் பிளாக்கில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். பார்த்துத் தொலையட்டும் என்று விட்டாள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் ஒரு தொட்டி, மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர். மற்றத் தொட்டிகளுக்கெல்லாம் மூடி இருந்தது. அவர்கள் வீட்டு நம்பர் போட்ட தொட்டி ஆகாயத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

எட்டிப் பார்த்தாள். ஒரு புறா இறக்கையை விரித்தபடி ஊதிப் போய் மிதந்தது. அதற்கடியில் பச்சைப் பாசி. பாசிக்கடியில் வெள்ளையாக எலும்புகள், பழைய புறாக்களுடையது. இந்தத் தண்ணீரைத்தான் துணியை நான்காக மடித்து வடிகட்டினாள். இதில்தான் கஞ்சி காய்ச்சினாள். இந்தத் தண்ணீரைத்தான் ஸ்பூன் ஸ்பூனாக, வாந்தியெடுத்தாலும் விடாமல், ஊட்டினாள்.

நிமிர்ந்தபோது மூடி கண்ணில் பட்டது. மொட்டைமாடியின் தெற்கு மூலையில், வெயில் நன்றாக விழும் இடத்தில், நான்கு செங்கல் மேல் அது உட்கார்ந்திருந்தது. மேலே ராஜாராமனின் வெள்ளை வேஷ்டி. வேஷ்டி மேல் வரிசை வரிசையாகக் கருவடாம்.

அம்சவேணி வேஷ்டியை ஒரே இழுப்பாக இழுத்தாள். வடாம் மாடியெங்கும் சிதறியது. புறாக்கள் இறங்கி வந்து கொத்தின, தின்றுகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு மூடியைத் தூக்கிக்கொண்டு ஏணி இறங்கினாள்.

சமையலறை வாசலில் அதை டமாரென்று போட்டாள். ருக்மிணி திரும்பிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயையோ! மடி வடாம்டீ! தொட்டுட்டயா?"

"இத எங்கிருந்து எடுத்தீங்க மாமி?"

"மாடிலேர்ந்துதான். போன கோடைலயே எடுத்தேன். கீழ பரப்பினா யார் யார் காலோ படறது. இது உசரத்துல இருந்த தகரம், ஒருத்தர் தொட்டிருக்கமாட்டா. இதைவிட மடி எது?"

"தொட்டி தொறந்து கெடக்குதே. ஒரு வருசமா தொறந்து கெடக்குதே."

"கெடந்தா என்ன? அது குளிக்கற ஜலம்தானே? அதை யார் குடிக்கறா?"

இதை ருக்மிணி குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும், அந்தக் குழாயைக் காட்டிக் கொடுத்ததே தான்தான் என்றிருந்தும், பின் அறையில் இருப்பவர்களும் தண்ணீர் குடிப்பார்கள் என்பது அவள் நினைப்பில் ஏறவே இல்லை.

"நாங்க குடிக்கறோம்" என்றாள் அம்சவேணி. "எம் பொண்ணு குடிக்கறா. உள்ள புறா செத்து மெதக்குது மாமி."

ருக்மிணியின் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அதைத் தாங்க முடியாமல் உடனே மூஞ்சியைச் சிலுப்பிக்கொண்டாள்.

"நீ கொதிக்க வச்சுன்னா குடுத்திருக்கணும்! பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமோ?"

அதோடு அம்சவேணியின் பொறுமை அறுந்தது. தவலையை எடுத்து வந்தாள். வாசற்படியைத் தாண்டினாள். உள்ளே மெயின் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ருக்மிணியின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தவலையை வைத்தாள்.

"வெளில போடி! அடுக்களைக்குள்ள வராதே!" ருக்மிணி பாய்ந்து வந்து குழாயை மூடி, கையால் பொத்திக்கொண்டாள்.

அம்சவேணி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். நன்றாக, விரல் பதியப் பிடித்தாள். ருக்மிணி சூட்டுக்கோல் பட்ட மாதிரி கையை உதறிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். குழாய் விடுதலையாயிற்று. அம்சவேணி திறந்தாள்.

ராஜாராமன் பாதி ஷேவ் பண்ணின முகத்தோடு ஓடி வந்தார். "சத்தம் போடாதீங்கோ, சத்தம் போடாதீங்கோ! எதுத்தாத்து சர்மா காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன்!" என்று அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். விஷயம் புரிந்ததும் ஜோதிலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். "இதெல்லாம் சரிப்படாது ஜோதி. காலி பண்ணிடுங்கோ."

ஜோதிலிங்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பழக்க தோஷம், வாய் தானாக வந்தது. "சார், மன்னிச்சிருங்க, அவ ஏதோ ஆத்திரத்துல..."

"என்னாத்துக்கு மன்னிப்பு?" அம்சவேணி தவலையை விட்டு எழவில்லை. "சார ஒரு டம்ளர் தொட்டித் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. குடிச்சிட்டுக் காலி பண்ணச் சொன்னா இந்த நிமிசமே போறேன். குடிங்க சார். வடிகட்டித் தர்றேன்."

ராஜாராமன் சோப்பு நுரையோடு நின்றார்.

ஜோதிலிங்கம் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனான். வெகு நேரம் கழித்து வந்தான். புறாவை எடுத்துப் போட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரையெல்லாம் வடியவிட்டிருந்தான், சட்டையெல்லாம் ஈரம். அப்போது அவன் பேசின மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பேசினதில்லை.

"மாசக் கடைசியில போயிடறோம் சார். அது வரைக்கும் இவ இங்கதான் தண்ணி புடிப்பா."

அன்றிலிருந்து தினமும் காலையில் அம்சவேணி தவலையோடு சமையலறைக்குள் போனாள். ஏன் வந்தாய் என்று ருக்மிணி கேட்கவில்லை, கேட்கக் கிட்டே வர வேண்டுமே. அவள் உள்ளே நுழைந்ததும் மடிப்புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டாள். யாரை உள்ளே விடக் கூடாதென்று சட்டம் போட்டாளோ அவளுக்குப் பயந்து அவளே ஒதுங்கினாள். தீட்டுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று அம்சவேணிக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு வருஷத்தை இப்படிப் பாழாக்கியிருக்க மாட்டாள். சில நாள் வேண்டுமென்றே மெதுவாகப் பிடித்தாள்.

இருவருக்கும் பேச்சு இல்லை. ருக்மிணி குழாயைப் புளி போட்டுத் தேய்த்தாள், குடங்களைத் தேய்த்தாள், தரையைக் கழுவினாள். ஒரு வார்த்தை, தப்பாகிவிட்டது என்று ஒரே வார்த்தை, அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தாலும் அம்சவேணி ஏற்றுக்கொண்டிருக்கப் போவதில்லை. நடக்க வேண்டிய வயதில் நடக்காத கால்களை எந்த வார்த்தை திருப்பித் தரும்? போன பரீட்சை வருமா? "ஃபிர் தஸ்த்?" என்று சிரித்த சிரிப்பு செக்ஷன்காரர்கள் வாயிலிருந்து திரும்பிப் போகுமா?

முனிர்க்கா கிராமத்தில் கைபம்பு வைத்த ஒரு ஒற்றை அறை கிடைத்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, வள்ளி பின்முற்றத்தில் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, முகம் சிவக்க முக்கினாள். அம்சவேணி வழக்கம்போல் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"ஏங்க! ஏங்க, இங்க ஓடியாங்க!"

ஜோதிலிங்கம் சைக்கிள் கிளிப்பை ஒரு காலில் மட்டும் மாட்டியபடி பதறி ஓடி வந்தான். அம்சவேணி கையைக் காட்டினாள். இருவரும் நின்று பார்த்தார்கள்.

கட்டியாகப் போயிருந்தாள். மஞ்சளாக, உருண்டையாக, தண்ணீரோ சளியோ இல்லாமல், எல்லார் வீட்டுப் பிள்ளையும் போவது போல.

"அம்சா" என்றான் ஜோதிலிங்கம். குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினான். வள்ளி தான் செய்த காரியத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இத்தனை கூட்டம் எதற்கு என்று புரியாமல் சிரித்தாள். "சோறு" என்றாள். அம்சவேணி சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. புருஷன் பார்க்கிறானே என்றுகூட வெட்கப்படாமல் அழுதாள்.

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது. "கண்றாவி! முத்தத்துல உக்கார வச்சிருக்காளே! அதை அள்ளிப் போடேண்டி!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு ருக்மிணி அவளிடம் பேசின முதல் வார்த்தை. அம்சவேணி பிள்ளையைத் தூக்கிக் கழுவினாள், துடைத்தாள், இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு பிசையப் போனாள். முற்றத்தில் இருந்ததை அள்ளவில்லை. ருக்மிணி பட்டாபியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கண்ணால் நன்றாகப் பார்த்துவிட்டுப் போகிறவரை அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.